ஐநூறு கிராம் பரிசம்

கோபால்சாமி கடையில் எதற்கும் ரூபாயில் விலை கிடையாது. எண்ணெய் லிட்டர் இரண்டு கிராம். ஒரு சிப்பம் அரிசி பதினைந்து கிராம். கிடா எண்பது கிராம். சோப்புக் கட்டி வேண்டுமானால் கொலுசிலிருந்து ஒரு மணியைக் கத்தரித்துக் கொடுத்தால் போதும். எல்லாம் வெள்ளிக் கணக்கு. நீல பெயின்ட் அடித்த தகரத்தில் வெள்ளை எழுத்தில் எழுதி வாசலில் மாட்டியிருந்தார். மலைமேல் இருக்கிற நெல்லிமேட்டில் அதை எல்லாரும் போர்டு என்பார்கள்.

அந்தப் போர்டுக்கு முன்னால் பூங்கோதை தோள்பையோடு வந்து நின்றாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினோரு மாதம் தோல் தைத்துவிட்டு அப்போதுதான் ஜீப்பில் வந்து இறங்கியிருந்தாள். முதலில் அம்மா வீட்டுக்குப் போகலாம் என்றுதான் நினைத்தாள். கால் கடைக்குக் கொண்டுவந்துவிட்டது. இடுப்பு மடிப்பில் நாற்பத்தேழாயிரம் ரூபாய் இருந்தது.

கோபால்சாமி அவளுடைய மாமனார். அரிசி மூட்டை மேல் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த நான்கு வயதுப் பிள்ளை அவளுடைய மகள் கீதாஞ்சலி.

"கீதா" என்று கூப்பிட்டாள் பூங்கோதை.

பிள்ளை தாத்தாவைப் பார்த்தது.

"கஸ்டமர் வந்திருக்காங்க பாரு" என்றார் கோபால்சாமி. "இன்னா வேணும்னு கேளு."

"இன்னா வேணும்?" என்றது பிள்ளை.

முகம் வாடினால் அவருக்குச் சந்தோஷம் என்று பூங்கோதைக்குத் தெரியும். அதனால் நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"மாமா, பரிசத்தைத் திருப்பிக் குடுக்க வந்திருக்கேன். பணம் கொண்ணாந்திருக்கேன்."

"பணமா?" கோபால்சாமி போனை எடுத்தார். "உன்னக் கட்டினப்ப பரிசம் பணத்துலயா குடுத்தோம்? உங்கம்மா இன்னா கேட்டுச்சு? நோட்டு வேணாம் சம்பந்தி, வெள்ளியாக் குடுங்கன்னு கேட்டுச்சு. அரைக் கிலோ நிறுத்துக் குடுத்தோம். எவ்ளோ வச்சிருக்க?"

"நாப்பத்தேழு."

அவர் போனைத் தடவிப் பார்த்தார். "இன்னைக்கு ரேட்டு கிராம் நூத்தித் தொண்ணூறு. நாப்பத்தேழாயிரத்துக்கு..." கால்குலேட்டரைத் தட்டினார். "இருநூத்தி நாப்பத்தேழு கிராம். பாதிகூட வரலியேம்மா."

"ஊர்க்கூட்டத்துல பேசினப்ப இருந்த ரேட்டுக்கு மொத்தமே நாப்பத்தஞ்சாயிரம்தான மாமா."

"கூட்டத்துல ரூவாயா பேசினாங்க? அரைக் கிலோன்னு பேசினாங்க. நீயும் கேட்டுக்கினுதான ஒக்காந்திருந்த, கட்டுப் போட்ட கையோட."

அந்தக் கையை உடைத்தவன் அவர் மகன் மோகன். சோறு ஆறிப்போனது என்று உலக்கையை எடுத்தான். அதற்கு முன்னாலும் அடித்திருக்கிறான். எலும்பு முறிந்தது அப்போதுதான். அவள் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். ஊர் கூடியது. பெண் வீட்டார் வாங்கிய பரிசத்தை ஒரு வருஷத்துக்குள் வாங்கியபடியே திருப்பிவைத்தால் கல்யாணக் கட்டு அறுத்துவிடலாம், பிள்ளையையும் அவளோடு அனுப்பலாம் என்று தீர்ப்பானது. வைக்காவிட்டால் பிள்ளை என்றைக்கும் தகப்பன் வீட்டோடு. போலீஸ், கோர்ட் என்று போனால் அவளுடைய அம்மாவுக்கு ஊரில் தண்ணீர்கூட கிடைக்காது. அந்த ஒரு வருஷம் வருகிற ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை.

"ஞாயித்துக்கெழம வெள்ளியோட வா" என்றார் கோபால்சாமி. "பாதி வெள்ளியோட வந்தா பாதிப் பிள்ளையத்தான் அனுப்ப முடியும். எந்தப் பாதின்னு நீயே சொல்லிடு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். தாத்தா சிரிப்பதைப் பார்த்துப் பிள்ளையும் சிரித்தது.

*

மங்கம்மாள் மகளைப் பார்த்ததும் அழவில்லை. பையை வாங்கிப் பார்த்தாள். உள்ளே பிளாஸ்டிக் யானையும் இரண்டு சுடிதாரும் இருந்தன. "எனக்கு ஒண்ணும் வாங்கியாரல" என்றாள்.

"வெள்ளியாக் கேளுன்னு உங்கிட்ட யாரும்மா சொன்னது?"

"ஆமா, நோட்டா வாங்கியிருந்தா மட்டும் இப்ப இருந்திருக்குமா?"

நோட்டு என்றால் மங்கம்மாளுக்குப் பயம். நோட்டு செல்லாமல் போன வருஷம் அவர்கள் வீட்டுக் கூரையில் செருகி வைத்திருந்த பதினெட்டாயிரம் ரூபாய் வெறும் காயிதமாகிப் போனது. பூங்கோதையின் அப்பா நாலு தடவை மலையிறங்கி வரிசையில் நின்றார். வரிசை தீர்வதற்குள் கெடு தீர்ந்தது. மலையில் பல வீடுகளில் அதே கதைதான். அதன் பிறகு கையில் காசு வந்தால் கொலுசாகவோ அரைஞாணாகவோ மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பயத்தைப் பார்த்துத்தான் கோபால்சாமி எலக்ட்ரானிக் தராசு வாங்கினார். போர்டு எழுதியது கிராம் எழுபத்தைந்து ரூபாய் விற்றபோது. வெள்ளி ஏறிக்கொண்டே போனது. போர்டில் ஒரு எழுத்து மாறவில்லை. கொலுசு கொடுத்தால் இரண்டு கிராமுக்கு அதே ஒரு லிட்டர் எண்ணெய். ரூபாய் கொண்டுபோனால் போனில் அன்றைய ரேட்டைப் பார்த்து அதே எண்ணெய்க்கு முந்நூற்றெண்பது கேட்பார். ஒடுகத்தூருக்கு இறங்கினால் பாதிக்கும் குறைவாக வாங்கலாம். ஆனால் ஜீப்புக்குக் காசு வேண்டும், கீழே யாரும் கடன் தர மாட்டார்கள். கோபால்சாமி தருவார். அதையும் கிராமில் எழுதிக்கொள்வார்.

"அந்த அரைக் கிலோவையும் அவன் கடையிலதான தின்னோம்" என்றாள் மங்கம்மாள். "உங்கப்பா படுக்கையில கெடந்த ரெண்டு வருஷமும் ஒவ்வொரு கொலுசா எடுத்துக்கினு போவேன். கல்லுல ஒரசுவான். இது அறுபது டச்சுதான், மீதி செம்பு, நூறு கிராமுக்கு அறுபதுதான் கணக்குன்னுவான். அவன் குடுத்த வெள்ளியவே அவன் அறுபதுன்னான். நான் இன்னா பண்றது? வாங்கிக்கினு வந்தேன்."

பூங்கோதை மூலையைப் பார்த்தாள். அப்பா படுத்துக் கிடந்த இடத்தில் இப்போது கோழிக்கூடை இருந்தது.

"உப்பு இல்ல" என்றாள் மங்கம்மாள். "காலையில கடைக்குப் போய்ட்டு வா. எனக்கு அவன் கடன் தர்றதில்ல, நீ அவங்க வூட்ட விட்டு வந்ததுல இருந்து. இந்த ஊர்லயே அவன் நோட்டுல பேரு இல்லாத வூடு நம்ப வூடுதான். பெருமையாக் கெடக்குது."

*

காலையில் கடையில் குப்பம்மாள் புளி நிறுத்துக்கொண்டிருந்தாள். ஒரு மூட்டை, நாற்பது கிலோ. கோபால்சாமி நோட்டைத் திறந்து, "இருபது கிராம் கழிச்சிட்டேன். இன்னும் அறுபத்தொண்ணு நிக்குது" என்றார். குப்பம்மாள் காலிச் சாக்கை மடித்துக்கொண்டு வெளியே வந்தாள். அவள் கணுக்காலில் கொலுசு கிடந்த இடம் வெளுத்துத் தெரிந்தது.

உப்பை ஐந்நூறு ரூபாய் நோட்டு நீட்டி வாங்கிக்கொண்டு பூங்கோதையும் பின்னாலேயே வந்தாள்.

"அக்கா, நாப்பது கிலோ புளிக்கு இருவது கிராமா?"

"போர்டுல அதான போட்டிருக்குது. அவன் எடுக்கற புளிக்கு ரெண்டு கிலோ ஒரு கிராம்."

பூங்கோதை நின்றுவிட்டாள். இருபது கிராம் வெள்ளி என்றால் இன்றைய ரேட்டில் மூவாயிரத்து எண்ணூறு ரூபாய். அதே நாற்பது கிலோ புளி ஒடுகத்தூரில் ஆயிரத்து அறுநூறுக்குக் கிடைக்கும்.

"கடன்ல கழிக்காம, வெள்ளியாக் கையில குடுன்னு கேட்டா குடுப்பாராக்கா?"

குப்பம்மாள் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தாள். "கையிலயா? அந்தக் கடைக்குள்ள வெள்ளி போறதப் பாத்திருக்கேன்டி. வெளிய வந்து பாத்ததில்ல. நம்ப எல்லாம் கடன்காரங்க, எந்த வாயால கேக்கறது? போன வருசம் நான் கடன் வாங்கினப்ப இருந்த ரேட்டுக்கு ரூவாயாக் கட்டிட்றேன்னு கூட்டத்துல போய் அழுதேன். ஊர்க்கவுண்டர் இன்னா சொன்னாரு? போர்டு போட்டது போட்டதுதான், ரெண்டு பேரும் அதுக்குக் கட்டுப்படணும்னாரு. மேல பத்து கிராம் அபராதம் வேற."

"ரெண்டு பேரும்னாரா?"

"ஆமான்றேன். இன்னா, பேய் அறைஞ்ச மாதிரி நிக்கற?"

ஐநூறு கிராமுக்கு ஆயிரம் கிலோ புளி. கிலோ நாற்பது ரூபாய் என்றால் நாற்பதாயிரம். பூங்கோதை அந்தக் கணக்கை மூன்று தடவை போட்டாள். மூன்று தடவையும் ஒரே மாதிரி வந்தது. அவர் கையால் நிறுத்துக் கொடுக்கிற வெள்ளியை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தால், அதை எப்படி வேண்டாம் என்பார்? அன்றைக்கே ஜீப் ஏறினாள்.

ஷூ கம்பெனியில் அவள் பக்கத்து மெஷினில் தைத்த சாந்தாமேரியின் வீடு ஒடுகத்தூருக்குப் பக்கம்தான். சாந்தாமேரியின் வீட்டுக்காரர் பிலிப்ராஜிடம் மினி லாரி இருந்தது. அவர் நான்கு நாளும் அவளோடு மண்டி மண்டியாக அலைந்தார். சாக்கு எடை, ஈரம் என்று கோபால்சாமி கழிப்பார் என்பதற்காக இருபத்தாறு மூட்டை வாங்கினாள். ஆயிரத்து நாற்பது கிலோ. மூட்டைக் கூலியும் வண்டி வாடகையும் கொடுத்தது போக கையில் ஆயிரத்து முந்நூறு சொச்சம் மிஞ்சியது.

"புளிய மலைக்கு ஏத்தற ஆளு நீ ஒருத்திதாம்மா" என்றார் பிலிப்ராஜ். "எல்லாரும் எறக்கித்தான் பாத்திருக்கேன்."

*

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கோயில் மரத்தடியில், கடைக்கு எதிரில். ஊர்க்கவுண்டர் கருப்பன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் மகள் கல்யாணத்துக்கு வாங்கிய நூற்று நாற்பது கிராம் இன்னும் கோபால்சாமி நோட்டில் நின்றது. அது ஊருக்கே தெரியும். ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் தரையில் இருந்தார்கள். மோகன் அப்பாவுக்குப் பின்னால் புதுச் சட்டையில் நின்றான். பூங்கோதையைப் பார்த்து, ஒன்றும் நடக்காதது போலத் தலையாட்டினான்.

வண்டி வந்து நின்றதும் எல்லாரும் எழுந்து பார்த்தார்கள்.

"கவுண்டரே, பரிசம் வைக்கிறதுக்கு முன்னாடி கடையில எனக்கு ஒரு வேவாரம் இருக்குது" என்றாள் பூங்கோதை. "புளி கொண்ணாந்திருக்கேன். போர்டுல போட்டபடி வாங்கிக்கினு வெள்ளி குடுக்கச் சொல்லுங்க."

கோபால்சாமி சிரித்தார். அப்புறம் வண்டியில் இருந்த மூட்டைகளை எண்ணினார். எண்ணி முடித்தபோது சிரிப்பு இல்லை.

"அது கடன்காரங்களுக்குப் போட்ட ரேட்டு."

"அப்டி எழுதலியே மாமா."

"இது மலைப் புளியில்ல. கீழ் நாட்டுப் புளி."

"மலைப் புளின்னும் எழுதலியே."

ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ, "குப்பம்மா அழுதப்ப போர்டு போட்டது போட்டதுதான்னு சொன்னோமே, இப்ப போர்டுக்கு இன்னா, காய்ச்சலா?" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். ஊர்க்கவுண்டருக்கு வேறு வழியில்லை. போன வருஷம் அவர் வாயால் சொன்ன தீர்ப்பு.

"நிறுத்து வாங்கு கோபாலு" என்றார்.

நிறுக்க ஒன்றரை மணி நேரமானது. கோபால்சாமி சாக்குக்குக் கழித்தார், ஈரத்துக்குக் கழித்தார், கொட்டைக்குக்கூடக் கழிக்கப் பார்த்தார். எல்லாம் போக ஆயிரம் கிலோ நின்றது. அவர் போர்டைக் கழற்றி உள்ளே கொண்டுபோய்க் கவிழ்த்து வைத்தார். பிறகு கடையை ஒட்டிய வீட்டுக் கட்டிலுக்கடியிலிருந்து பிஸ்கட் டின்னை இழுத்து வந்து, ஒரு தாம்பாளத்தில் கொட்டினார்.

கொலுசுகள். ஒற்றைக் கொலுசுகள், பாதியாக வெட்டிய கொலுசுகள், மெட்டிகள், குழந்தைகளின் அரைஞாண்கள். பெண்கள் பக்கம் கழுத்துகள் நீண்டன. குப்பம்மாள் தன் கொலுசைக் கண்டுகொண்டாள். திருகு போனதால் அவளே செம்புக் கம்பி போட்டுக் கட்டியது. பாஞ்சாலி தன்னுடையதைக் கண்டாள். இன்னொருத்தி தன் செத்துப்போன பிள்ளையின் அரைஞாணைக் கண்டாள்.

தராசில் ஐநூறு காட்டியது. பூங்கோதை தாம்பாளத்தை இரண்டு கையாலும் தூக்கினாள். பத்தடி நடந்து கவுண்டர் காலடியில் வைத்தாள். அந்தப் பத்தடியும் அவளுக்குத் தரை தெரியவில்லை.

"எங்கம்மா வாங்கின பரிசம். அரைக் கிலோ. என் பிள்ளையக் குடுங்க."

"கோபாலு, வந்து வாங்கிக்க" என்றார் கவுண்டர்.

கோபால்சாமி நிதானமாக வந்து குந்தினார். சட்டைப் பையிலிருந்து உரைகல்லை எடுத்தார். ஒரு கொலுசை உரசினார், புட்டியிலிருந்து ஒரு சொட்டு அமிலம் விட்டார். எல்லாருக்கும் தெரியும்படி கல்லைத் தூக்கிப் பிடித்தார்.

"அறுபது டச்சு" என்றார். "நான் குடுத்த பரிசம் சுத்த வெள்ளி, கவுண்டரே. இதுல ஐநூறுன்னா நெசத்துக்கு முந்நூறுதான். இன்னும் இருநூறு வரணும்."

பூங்கோதைக்கு முதலில் புரியவில்லை. "இப்பத்தான நீங்க குடுத்தீங்க."

"நான் கிராமுதான் குடுத்தேன். போர்டுல கிராமுதான போட்டிருந்துது?" அவள் பக்கம் திரும்பினார். "டச்சு எழுதலியேம்மா."

ஆண்கள் பக்கம் இடி மாதிரி சிரிப்பு. சற்று முன் அவள் பக்கம் சிரித்த அதே வாய்கள்தான். மோகன் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான்.

"கவுண்டரே, அவரு குடுத்த பரிசமும் இதே வெள்ளிதான்" என்று கத்தினாள் பூங்கோதை. "எங்கம்மா கொண்டுபோனப்ப அறுபதுன்னு சொல்லித்தான் கழிச்சாரு. எம்மா, சொல்லும்மா. எந்திரிச்சு சொல்லு. எங்கிட்ட சொன்னியே!"

மங்கம்மாள் எழுந்தாள். வாயைத் திறந்தாள்.

"சம்பந்தி" என்றார் கோபால்சாமி. ஒரு வருஷமாக அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. "சண்டை எதுக்கு? உங்க பொண்ணு வாழ வரட்டும். வந்துட்டா இந்தத் தட்டுல இருக்கறது மொத்தமும் உங்களுக்குத்தான். புதுப் பரிசம். அறுபது டச்சே ஆகட்டும், கீழ வித்தா அம்பதாயிரத்துக்குக் கொறையாது. பிள்ளையும் தாயோடவே இருக்கும். இல்லன்னா முந்நூறு வரவு, இருநூறு பாக்கி, பிள்ளை எங்களோட. கெடு இன்னையோட சரி. கவுண்டர் சொல்லட்டும்."

கவுண்டர் தன் கால் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "கோபாலு சொல்றதுல தப்பு ஒண்ணும் இல்ல" என்றார். "மங்கம்மா, நீ இன்னா சொல்ற? அந்த வெள்ளி அறுபதா, சுத்தமா?"

மங்கம்மாள் தாம்பாளத்தைப் பார்த்தாள்.

"எனக்கு அதெல்லாம் ஞாபகம் இல்லிங்க" என்றாள்.

"எம்மா!"

"இன்னாடி எம்மா? பிள்ளை உங்கிட்டயே இருக்குமில்ல? கை ஒடைஞ்சா கூடிடும். அது கூடித்தான் இருக்குது பாரு."

பரிசம் வாங்குவதற்கு அந்த ஊரில் ஒரு முறை உண்டு. பெண்ணைப் பெற்றவள் முந்தானையை விரித்து மடியில் ஏந்த வேண்டும். மடியில் விழுந்துவிட்டால் பெண் கொடுத்தாகிவிட்டது. வாங்கியதற்கு வாங்கியவள்தான் பொறுப்பு. பெண்ணை யாரும் கேட்பதில்லை. மங்கம்மாள் கூட்டத்தின் நடுவே வந்து முந்தானையை விரித்தாள். கோபால்சாமி தாம்பாளத்தைச் சாய்த்தார். வெள்ளி சலசலவென்று மடியில் விழுந்தது. கவுண்டர், "ஆச்சு" என்றார். வெற்றிலைத் தட்டுக்கு ஆள் போனது.

"உள்ள போ" என்றான் மோகன் பூங்கோதையிடம். "ஒரு வருசம் ஆட்டம் போட்டது போதும். அப்புறமா பேசிக்கலாம்."

அப்புறமா பேசிக்கலாம் என்று அவன் சொன்ன விதம் அவளுக்குப் பழக்கமானதுதான். உடைந்து கூடிய இடம் சில்லென்றது.

அவள் வீட்டுக்குள் போகவில்லை. நேராக அம்மாவிடம் போனாள். மங்கம்மாள் மடியை முடிந்துகொண்டிருந்தாள்.

"குடும்மா அத."

"தள்ளுடி."

பூங்கோதை முந்தானையைப் பிடித்து இழுத்தாள். மங்கம்மாள் அவள் கையில் அறைந்தாள். முடிச்சு இன்னும் இறுகவில்லை. ஒரு கொலுசு நழுவி மண்ணில் விழுந்தது. அதைப் பார்த்துக் குப்பம்மாள் பாதி எழுந்துவிட்டாள். செம்புக் கம்பி போட்ட கொலுசு. அவள் முகம் பசித்தவள் முகம் மாதிரி இருந்தது.

பூங்கோதை அந்த முகத்தைப் பார்த்தாள். அடுத்த இழுப்பில் பலம் முழுவதையும் போட்டாள். சேலை டர்ரென்று கிழிந்தது. ஐநூறு கிராமும் தரையில் சிதறியது.

"உங்களுதுதான" என்றாள் பெண்களைப் பார்த்து. "எடுத்துக்குங்க."

முதலில் குப்பம்மாள் பாய்ந்தாள். அவளுக்குப் பின்னால் பாஞ்சாலி. அதற்குப் பிறகு யார் முன்னால், யார் பின்னால் என்றே தெரியவில்லை. தங்கள் கொலுசைத் தேடியவர்களும் இருந்தார்கள், கிடைத்ததை வாரியவர்களும் இருந்தார்கள். அரைஞாணை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து இழுத்தார்கள். மங்கம்மாள் நடுவில் விழுந்து, தன் உடம்பாலேயே கொஞ்சத்தை மூடிப் படுத்தாள். யாரோ அவள் முதுகை மிதித்துக்கொண்டு போனார்கள். மோகன் முழங்காலிட்டு, புதுச் சட்டையில் மண் ஒட்ட, கால்களுக்கு நடுவே கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தான்.

கோபால்சாமி மட்டும் குனியவில்லை. நோட்டைத் திறந்துவிட்டார்.

"எடுங்க, எடுங்க" என்றார் சத்தமாக. "யாரு எத்தினி கிராம்னு பாத்து எழுதிக்கினுதான் இருக்கேன். குப்பம்மா, உன்னுது நாப்பது. இந்தப் பக்கம் யாரு, பாஞ்சாலியா?"

கடை வாசலில் பிள்ளை தனியாக நின்றது.

பூங்கோதை ஓடவில்லை. ஓடினால் யாராவது பார்ப்பார்கள். கடைக்குச் சாமான் வாங்கப் போகிறவள் மாதிரி நடந்தாள். பிள்ளையைத் தூக்கினாள். பிள்ளை, "தாத்தா!" என்று வீறிட்டது. அந்தச் சந்தடியில் எத்தனையோ கூச்சல்களில் அதுவும் ஒன்று. தோளில் போட்டுக்கொண்டு மூட்டைகளைச் சுற்றி வந்தாள். பிள்ளை அவள் கழுத்துக்குக் கீழே கடித்தது. சின்னப் பற்கள் தோலுக்குள் இறங்குவது தெரிந்தது. பிடியை அவள் தளர்த்தவில்லை.

பிலிப்ராஜ் வண்டியின் பின்பக்கத்தைக் கூட்டிக்கொண்டிருந்தார். அவள் வருவதையும் பின்னால் கூட்டத்தையும் பார்த்தார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஏறினார்.

இஞ்சின் சத்தம் கேட்டுத்தான் மங்கம்மாள் தலையைத் தூக்கினாள்.

"பூங்கோத! அடியே! நான் மடியில வாங்கிட்டேன்டி! என்னத்தான்டி கேப்பாங்க!"

பூங்கோதைக்கு நன்றாகக் கேட்டது. கேட்பதற்கு முன்பே தெரியும். மடியில் வாங்கியது ஐநூறு. மண்ணில் போனதற்கும் மடியில் வாங்கியவள்தான் பதில் சொல்ல வேண்டும். பெண்ணும் இல்லை, வெள்ளியும் இல்லை என்றால் அந்த ஐநூறையும் அம்மா தலையில்தான் எழுதுவார்கள். சுத்த வெள்ளியாகவே எழுதுவார்கள். வீட்டில் ஒரு கிராம் கிடையாது. கோழிக்கூடையை எடுப்பார்கள், பிறகு வீட்டை எடுப்பார்கள். சேலையைப் பிடித்து இழுத்தபோதே இது அவளுக்குத் தெரியும்.

"அம்மா கூப்புட்றாங்கம்மா" என்றார் பிலிப்ராஜ், கியரில் கையை வைத்துக்கொண்டு. "ஓடியாறாங்க. நிறுத்தட்டுமா? ஏத்திக்கலாம்."

பூங்கோதை திரும்பிப் பார்க்கவில்லை. பிள்ளையின் வாயைத் தோளோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"அவங்க வரலண்ணா" என்றாள். "நீங்க எடுங்க."

வண்டி சரிவில் இறங்கியது. பிலிப்ராஜ் ஒரு தடவை பக்கக் கண்ணாடியைப் பார்த்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.